உன் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது

கண்ணு,

போன வாரம் நீ சமையலறை வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாய். நான் "சரி" என்றேன். சொல்லிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவினேன். நீ அதைப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பிப் போய்விட்டாய். அந்தச் "சரி"யைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காகத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். வகுப்பில் ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவள், வீட்டில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச மாட்டாள் என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நீ கேட்டது இதுதான். நம் வீடுகளில் கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை ஆலயத்துக்குப் புறப்படும் முன், கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து அதில் முழங்காலிடுவான். பெற்றவர்கள் தலையில் கை வைத்து வாய்விட்டு ஜெபிப்பார்கள். பெரும்பாலும் அப்பாதான் ஜெபிப்பார்; அம்மா பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். உனக்கு அப்பா இல்லை. அதனால் நீ யோசித்துவிட்டு வந்து சொன்னாய்: "எஸ்தர் பெரியம்மா ஜெபிக்கட்டும்மா. நீங்க பக்கத்துல நின்னாப் போதும். உங்களுக்கு அது கஷ்டமா இருக்கும்ல." என்னைக் காப்பாற்றுகிறாய் என்றுதான் நீ நினைத்தாய். எனக்கோ, என் வீட்டுக் கூடத்தில், என் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டிய கையை வேறொருத்தியிடம் எடுத்துக் கொடுத்ததைப் போல இருந்தது. அதுவும் அவளிடம்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் நம் வீட்டு வாசலில் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைக் கேட்ட நான்கு பெண்களுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கப் போகிறேன். அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும். எல்லோர் முன்னாலும் பேசியதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்பது நியாயமில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் நம்பிக்கை இல்லாத வீட்டில் பிறக்கவில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் அடுத்தவர்கள் தோப்பில் தேங்காய் பொறுக்கியவர்களின் மகன் என் அப்பா. மிஷன் பள்ளியில் படித்து, அதே ஊரில் வாத்தியாரானவர். சாயங்காலம் ஆறரை மணி ஜெபத்தை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. மலையிலிருந்து யானை இறங்கிவிட்டது என்று ஊருக்குள் தகரம் தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் ஜெபம் பாதியில் நிற்கும். யானை போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நான் வேதியியல் படிக்கப் போனதால் நம்பிக்கை போய்விட்டது என்று அவர் கடைசி வரை நினைத்தார். அப்படியெல்லாம் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் ஒரு நாள் வழக்கம்போலக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். நான் பேசுவதை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று தோன்றியது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பாடப் புத்தகத்தை எடுத்தேன். சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. அதற்குப் பிறகு ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. எல்லோரும் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன்.

உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்தபோது, ஐந்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள். ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று இதைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஜெபம் வராது, நம்பிக்கையும் இல்லை, வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். பம்ப் கம்பெனியில் மோட்டார்களைப் பரிசோதித்து அனுப்பும் வேலை பார்த்தவர் அவர். எதையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவால்லீங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பண்ணிக்கறனுங்க" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம், தினமும் காலையில், அதைத்தான் செய்தார். அப்போதெல்லாம் எனக்குப் பொறாமை வரவில்லை. என்னைச் சேர்த்துக்கொண்டுதான் அவர் அங்கே போகிறார் என்ற நிம்மதி இருந்தது.

பொறாமை எஸ்தரக்காவிடமிருந்து தொடங்கியது. நாம் சூலூருக்குக் குடிவந்தபோது, பின்தெருவில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய லைன் வீட்டில் அவள் இருந்தாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை. புருஷன் முன்னமே போய்விட்டார். பதினைந்து வயதான ஒரே மகனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டவள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாதவள், ஆனால் சபையில் யாருக்கு என்ன துன்பம் என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தது நினைவிருக்கிறதா? நான் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உன் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் நீ கண்ணைத் திறந்து, "எஸ்தர் பெரியம்மா வரட்டும்" என்றாய். அவள் வந்தாள். நூல் பஞ்சு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உன் தலையில் வைத்தாள். நடுவில் விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று ஜன்னல் எல்லாம் அதிரக் கடந்து போனது. அவள் கையை எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, "ம், அப்புறம் ஆண்டவரே" என்று தொடர்ந்தாள். நீ காய்ச்சலிலும் சிரித்தாய். மூன்று நாள் பக்கத்தில் இருந்தும் நான் உன்னைச் சிரிக்க வைக்கவில்லை. அன்று அவளுக்கு நான் காபி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று பிற்பாடு உன் அப்பாவிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த வருடத்தின் புத்தாண்டுக் காலை ஆராதனையில், வழக்கம்போல வாக்குத்தத்த வசன அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பது. வருடம் முழுவதற்கும் அதுதான் நமக்கான வார்த்தை என்பது. நானும் எடுப்பேன். எடுத்து, ஆய்வகப் பதிவேட்டில் பக்கம் அடையாளத்துக்கு வைத்துக்கொள்வேன். அவருக்கு வந்தது தண்ணீரைக் கடந்து போகிறவனை விட்டு விலகமாட்டேன் என்ற பொருளில் ஒரு வசனம். அப்போது நோய் பற்றி எங்களுக்குத் தெரியாது. ஏப்ரலில் தெரிந்த பிறகு அந்த அட்டையைக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு வந்து சட்டைப் பையில் வைத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் அட்டையும் மாறும். வலி வரும்போது பைக்கு மேல் கையை வைத்துக்கொள்வார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என் கை கட்டில் விளிம்பில் சும்மா இருக்கும்.

மருத்துவமனையில் இனிச் செய்வதற்கில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, எஸ்தரக்கா தினமும் பிற்பகல் மூன்றரை மணிக்கு வரத் தொடங்கினாள். சில நாள் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து மூன்று பேரும் கூட வருவார்கள். அவள் ஜெபிக்க ஆரம்பித்தால், கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் உன் அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விடும். முடியும்போது தூங்கிப்போயிருப்பார். நான் அந்த நேரத்தில் சமையலறைக்குப் போய்விடுவேன். சும்மா இருக்கவும் மாட்டேன், பாத்திரங்களை உருட்டுவேன். சோற்றுக் குண்டானைக் கீழே வைக்க அவ்வளவு சத்தம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் ஆய்வகத்துக்காரி. அந்த விரல்கள் விடுவதற்கு மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ ஒரு முறை என் மேசையில் ஒரு நோட்டைப் பார்த்து, "இதென்னம்மா டைம் டேபிளா?" என்று கேட்டாய். மாத்திரை கொடுத்த நேரம், அவள் வந்த நேரம், அவர் தூங்கிய நேரம், எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தேன். மாத்திரை வேலை செய்யும் நேரமும் அவள் வரும் நேரமும் ஒன்றாக விழுகிறது, அவ்வளவுதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. யாரிடம் நிரூபிக்க என்று கேட்காதே. "டாக்டர் மத்தியானம் தூங்கச் சொல்றாருங்க, காலைல வாங்க" என்று அவளிடம் சொல்லி நேரத்தை மாற்றினேன். அவள் காலையில் வந்தாள். அவர் காலையில் தூங்கினார். மாத்திரை கொடுத்த மத்தியானத்தில் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தார். ஒன்பது நாள் எழுதினேன். பத்தாம் நாள் தாளைக் கிழித்துப்போட்டேன்.

இதைப் படித்துவிட்டு அம்மா கடவுளைக் கண்டுகொண்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவருடைய குரலும் பழக்கமும் நோயாளியின் உடம்பை எப்படித் தளர்த்தும் என்று எனக்கு விளக்கத் தெரியும். விளக்கம் என்னிடம் இருந்தது. அந்தக் குரல் அவளிடம் இருந்தது. அதுதான் என்னைத் தின்றது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான். அவருக்கு வலிக்கும்போது அவர் போய் நிற்கிற இடத்தில் நான் இல்லை. அங்கே போகிற வழி தெரிந்தவள், பின்தெருவில் நூல் சுற்றுகிறவள். அவள் மேல் இருந்தது பாதிப் பொறாமைதான். மீதிப் பாதி, இருக்கிறாரா இல்லையா என்றே எனக்குத் தெரியாத ஒருவர் மேல். இல்லாத ஒருவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு அவமானமான விஷயம் என்று படித்த பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாள் அவருக்கு உடம்பு துடைத்துச் சட்டை மாற்றினேன். பழைய சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். புதுச் சட்டைப் பையில் வைக்கவில்லை. என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. அன்று வலி வந்தபோது அவர் பையைத் தொட்டார். தடவினார். தலையணைக்கு அடியில் பார்த்தார். போர்வையை உதறச் சொன்னார். நான் உதறினேன்.

"அட்டையக் காணலியே புள்ள."

"துணியோட போயிருக்குமுங்க. பாக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, உடு" என்றார். இப்போதாவது என் கையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். பிடித்தார். அரைமணி நேரம் பிடித்திருந்தார். ஆனால் அந்த விரல்கள் விடவில்லை, கடைசி வரை இறுக்கமாகவே இருந்தன. மறுநாள் எஸ்தரக்கா வந்தபோது, "அக்கா, அந்த வசனத்தச் சொல்லுங்க" என்றார். அவள் அட்டை எதுவும் பார்க்காமல் கடகடவென்று சொன்னாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன்.

அதற்கு அடுத்த நாள்தான் வாசலில் அது நடந்தது. நான்கு பேரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் குறுக்கே நின்று, "இனி வர வேண்டாமுங்க" என்றேன். எஸ்தரக்கா, "தம்பிக்கு ரொம்ப முடியலீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கு நான், "சாகப் போற மனுசனுக்குப் பொய் சொல்லிக் குடுக்க நாலு பேர் எதுக்குங்க? என் ஊட்டுக்காரர நான் பாத்துக்கறேன்" என்றேன். எஸ்தரக்கா கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டினாள். ஒரு கால் சரியாக நுழையாமல் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "வாரனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான்கு நாள் அவள் வரவில்லை. நான்கு நாளும் அவர் தூங்கவில்லை. நீ கம்பெனியில் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். என்னவோ நடந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. நான்காம் நாள் பிற்பகலில் அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ ஜெபம் பண்ணேன், புள்ள."

"எனக்கு வராதுங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

"ரெண்டு வார்த்த போதும்."

"நம்பாமச் சொன்னா உங்கள ஏமாத்தற மாதிரிங்க."

"ஏமாத்து. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டே கேட்டார். நான் செய்யவில்லை. என் நேர்மையைக் காப்பாற்றிக்கொண்டேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு, "கஞ்சி கொண்டு வாரேன்" என்று எழுந்தேன். திரும்பினால் கதவருகில் நீ நின்றிருந்தாய். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாய் என்று அன்று நான் கேட்கவில்லை. "உங்களுக்கு அது கஷ்டமா இருக்கும்ல" என்று போன வாரம் நீ சொன்னபோதுதான், முழுவதையும் கேட்டிருக்கிறாய் என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில், அட்டையை எடுத்ததை விட, வாசலில் பேசியதை விட, இதுதான் பெரியது. ஒரு மனிதன் கடைசியாக என்னிடம் கேட்ட பொருள் அது. இல்லை என்றுவிட்டேன்.

மறுநாள் நீ யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தாய். என்னைக் கடந்து உள்ளே போகும்போது, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். அதன் பிறகு அவர் பதினோரு நாள் இருந்தார். கடைசி வரை அவள் வந்தாள்.

அவள் அவருக்குப் பொய் சொல்லிக் கொடுத்தாள் என்று நான் பேசியது உண்மை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் ஏமாந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசை என்று போதகரிடம் பேசி முடித்தவர் அவர். அடக்கத்தில் பாட வேண்டிய பாட்டுகளை எழுதி, "மூணாவது பாட்ட இழுத்துப் பாடாதீங்க, வெயில்ல நிக்கறவங்க திட்டுவாங்க" என்று உன்னிடம் சொன்னவர். பிழைத்துவிடுவோம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பயந்தார். உன் கல்யாணத்தைப் பார்க்க முடியாதே என்று அழுதார். அந்தப் பயத்தையும் அழுகையையும் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான். வைத்துவிட்டு வந்து தூங்கினார். என் பயத்தை நான் எங்கேயும் வைக்கவில்லை. இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது, அட்டையோடு.

எப்படித்தான் நம்புகிறாள் என்று அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து எஸ்தரக்காவிடம் கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன். அவள் நூல் அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எம்பையன் போனப்பொறவு ஆறு மாசம் நானும் ஒண்ணும் கேக்கலீங்க டீச்சர். செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். செவுரு பதில் பேசலீங்க. அப்பறம் பேசற ஆளுகிட்ட போனேன்" என்றாள். "அவர் பதில் பேசினாருங்களா?" என்றேன். "எங்கீங்க. ஆனா கேக்கறாருன்னு தெரியுமுங்க. செவுத்துக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம்" என்றாள். மறுத்துப் பேச என்னிடம் நிறைய இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அப்பா போன பிறகு நீயும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வீட்டில்தான் சாப்பிட்டுவிட்டு வருவாய். உன் சட்டையில் நூல் பஞ்சு ஒட்டியிருக்கும். துவைக்கும்போது அதைப் பிய்த்துப் போடுவேன். ஒரே மேசையில் உட்கார்ந்து நீயும் நானும் அழுதிருக்க வேண்டியதை, நீ அங்கே போய் அழுதுவிட்டு, முகம் தெளிந்து வருவாய். தெளிந்த முகம்தான் எனக்குக் கிடைத்தது.

இப்போது உனக்கு ஒரு மனைவி வரப் போகிறாள். புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை, இருந்தாலும் இது ஒன்றைச் சொல்கிறேன். அவளுக்கு ஒரு நாள் பெரிய துன்பம் வரும். வராமல் இருக்கட்டும், ஆனால் வரும். அப்போது அவள் உன் தோளைத் தாண்டி வேறு எங்காவது போய்ச் சாய்ந்தால், தன் அம்மாவிடமோ, சிநேகிதியிடமோ, நீ முழங்காலிடும் அதே இடத்திலோ, நீ முழங்காலிடாத வேறொரு இடத்திலோ, அவளுடைய பையிலிருந்து அதை எடுத்து ஒளித்துவிடாதே. பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு எங்கோ கைநீட்டுகிறாளே என்று வயிறு எரியும். எரியட்டும். என் ரத்தம்தான் உன் உடம்பிலும் ஓடுகிறது, உனக்கு எரியாமல் இருக்காது. எரிந்தாலும் எழுந்து சமையலறைக்குப் போகாதே. அங்கேயே உட்கார்ந்திரு.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ நண்பர்களோடு திருப்பூருக்குத் துணி எடுக்கப் போயிருந்தபோது, அட்டையை எடுத்துக்கொண்டு நான் எஸ்தரக்கா வீட்டுக்குப் போனேன். ஞாயிறு ஆனதால் தறி ஓடவில்லை. தெரு அமைதியாக இருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து, உன் கல்யாணத்துக்குக் கட்ட வைத்திருக்கும் சேலைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். கல்யாண வேலைய உட்டுப்போட்டு இங்கென்னங்க?"

நான் அட்டையை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"தம்பி சட்டைப் பையில இருந்ததுங்களே."

"நான்தானுங்க எடுத்தேன். அவர் தேடினப்பத் தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"அது தெரியுமுங்க."

எனக்குப் புரியவில்லை. "யார் சொன்னாங்க?"

"அவருதானுங்க. 'அக்கா, அட்டைய எங்கூட்டுக்காரி எடுத்து வெச்சுக்கிட்டா. தேடற மாதிரி தேடிப் பாத்தேன், குடுக்கல. இருக்கட்டும். இதுவரைக்கும் அவ அந்த மாதிரி ஒண்ண ஆசப்பட்டு எடுத்ததில்ல'ன்னாரு."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "அதையும் உங்ககிட்டத்தான் சொன்னாருங்களா?" என்று கேட்டேன்.

எஸ்தரக்கா ஊசியைச் சேலையில் குத்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். "அட என் சாமி, இதுக்குமாங்க? உங்க பொறாமைய எங்க கொண்டு போயிக் கொட்டறது? கேளுங்க டீச்சர். நான் தெனமும் ஜெபம் பண்ணறப்ப நடுவுல கண்ணத் தொறந்து பாத்தா, அவரும் ஒத்தக் கண்ணத் தொறந்துட்டு சமையக்கட்டுக் கதவப் பாத்துட்டு இருப்பாருங்க. நீங்க உள்ள என்னத்தையோ உருட்டிட்டு இருப்பீங்க. 'கண்ண மூடுங்க தம்பி'ன்னு அதட்டுவேன். 'அவ வராளான்னு பாத்தேங்க்கா'ம்பாரு. ஆண்டவர்கிட்டப் பேசிட்டு இருக்கறப்பவே உங்களத்தான் பாத்தாரு. இதுக்கு நானில்லீங்க பொறாமப்படோணும்?"

நான் அந்த வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "செருப்பு மாட்டறப்பக் கீழ உழுந்திருப்பேன், அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். எழுந்திருக்கும்போது, கல்யாணக் காலை ஜெபத்தைப் பற்றிச் சொன்னேன். நீ அவளிடம் கேட்டதும் அவள் ஒத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும் என்றேன். அந்த இடம் எனக்கு வேண்டும் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சின்னப் பிள்ளை மிட்டாயைத் திரும்பக் கேட்பதைப் போலத்தான் இருந்திருக்கும்.

"நீங்க ஜெபம் பண்ணுவீங்களா டீச்சர்?" என்றாள்.

"தெரியலீங்க. கை வெப்பேன்."

"வெய்யுங்க. நான் ஆமென் சொல்றேன். அதுக்கும் ஒரு ஆளு வேணுமில்லீங்க" என்று சொல்லி, அட்டையை என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

ஆகவே கண்ணு, என்னுடைய "சரி"யைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை கூடத்தில் நம்முடைய பவானி ஜமக்காளத்தை விரித்து வைத்திருப்பேன். நீ முழங்காலிட வேண்டியது என் முன்னால். என் கையைத்தான் உன் தலையில் வைப்பேன். அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எஸ்தரக்கா என் இடது பக்கம் நிற்பாள். நான் என்ன சொல்வேன் என்று இப்போது சொல்ல முடியாது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பொறாமை போய்விட்டது என்று எழுதினாலும் பொய்தான். உன் அப்பா கேட்ட இரண்டு வார்த்தைகள் அவருக்குக் கொடுக்க வேண்டியவை. தாமதமாக, உன் தலைமேல் அவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன். நான் ஏமாற்றுகிறேன் என்று தோன்றினால், அவரைப் போல நீயும் கோபித்துக்கொள்ளாதே. வார்த்தையே வராமலும் போகலாம். விமானம் போகும் வரை காத்திருப்பதைப் போலக் காத்திரு. ஆலயத்துக்குக் கொஞ்சம் தாமதமானால் போதகர் பொறுத்துக்கொள்வார்.

நேரம் நீண்டுகொண்டே போனால், அப்பாவின் பிள்ளை நீ, ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பாய். பார். சமையலறைக் கதவைப் பார்க்க வேண்டியதில்லை. நான் அங்கே இருக்க மாட்டேன்.

அம்மா